வேலைக்குத்தான் ஒழுங்காகப் போகிறேனே!

குடிப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் ஒரு வாக்கியம் தவறாமல் வந்து விழும். “குடிக்கிறேன், இல்லேன்னு சொல்லல. ஆனா அதுக்காக ஒருநாளாவது வேலைக்கு மட்டம் போட்டிருக்கேனா?” மனைவியிடம் சொல்வதும் இதுதான், மாமனாரிடம் சொல்வதும் இதுதான், மருத்துவர் கேட்டால் சொல்வதும் இதுதான். வருகைப் பதிவேடுதான் அவர்கள் சட்டைப்பையில் வைத்திருக்கும் நன்னடத்தைச் சான்றிதழ்.

அந்தச் சான்றிதழைக் கொஞ்சம் உரசிப் பார்ப்போம். குடிநோய் ஒருவரின் வாழ்க்கையை எல்லாப் பக்கமும் ஒரே நாளில் கடிப்பதில்லை. பெரும்பாலும் முதலில் தூக்கம் போகும், பிறகு கையிருப்பு, அடுத்து வீட்டின் நிம்மதி, அப்புறம் உடம்பு. வேலை கடைசியில்தான் ஆட்டம் காணும். காரணம் எளிது: சரக்குக்குக் காசு அங்கிருந்துதான் வருகிறது. அதனால் மற்ற எதை விட்டாலும் அதை மட்டும் விடாமல் இழுத்துப் பிடித்துக்கொள்வார்கள். ஒருவருடைய குடி அலுவலகத்தில் வெளியே தெரியத் தொடங்கிவிட்டது என்றால், மற்ற நான்கும் ஏற்கெனவே சேதமாகியிருக்கும் என்றே எடுத்துக்கொள்ளலாம்.

இதில் ஒரு நல்ல செய்தியும் ஒளிந்திருக்கிறது. கடைசிவரை விடாமல் பிடித்துக்கொள்ளும் கொம்பு வேலை என்றால், மேலே ஏறுவதற்கும் அதே கொம்பைப் பிடிக்கலாம். அமெரிக்காவின் டூபான்ட், ஈஸ்ட்மன் கோடக் நிறுவனங்கள் 1940-களிலேயே இதைப் புரிந்துகொண்டு, குடிநோய் வந்த ஊழியர்களை வேலையிலிருந்து அனுப்பாமல் சிகிச்சைக்கு அனுப்பத் தொடங்கின. இந்தக் கட்டுரை மூன்று பேருக்கானது: குடிப்பவர், அவருக்குப் பக்கத்தில் வேலை பார்ப்பவர், அவருக்கு மேலதிகாரியாக இருப்பவர்.

ஒரு குவாட்டரின் கணக்கு

“ராத்திரி குடிச்சது ராத்திரியோட போச்சு” என்பது மிகப் பரவலான தப்புக்கணக்கு. கணக்கைப் போட்டுப் பார்த்துவிடலாம்.

டாஸ்மாக்கில் விற்கும் பிராந்தி, ரம், விஸ்கி பாட்டில்களில் 42.8 சதவீதம் ஆல்கஹால் என்று அச்சிட்டிருக்கும். ஒரு குவாட்டர் 180 மில்லி. அதில் இருக்கும் சுத்த ஆல்கஹால் ஏறக்குறைய 60 கிராம். நம் கல்லீரல் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 7 முதல் 10 கிராம்வரைதான் எரிக்கும். மோர் குடித்தாலும், எலுமிச்சை பிழிந்தாலும், தலையில் தண்ணீர் ஊற்றினாலும் அந்த வேகம் கூடாது. ஆக, ஒரு குவாட்டர் முழுதாக இறங்க 6 முதல் 9 மணி நேரம் ஆகும். 375 மில்லி ‘ஆஃப்’ என்றால் 13 மணி நேரத்துக்குக் குறையாது. 18 மணி நேரம்கூட ஆகலாம்.

இரவு 11 மணிக்கு ஆஃப் முடித்துவிட்டுப் படுத்தவர் காலை 6 மணி ஷிஃப்டுக்கு வண்டியை எடுக்கிறார். பல் துலக்கியாயிற்று, குளித்தாயிற்று, திருநீறும் இட்டாயிற்று. அவரைப் பொறுத்தவரை அவர் குடித்தது நேற்று. அவருடைய ரத்தத்தைப் பொறுத்தவரை அவர் இன்னும் குடிபோதையில்தான் இருக்கிறார். மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆவது பிரிவு அனுமதிக்கும் அளவு 100 மில்லி ரத்தத்துக்கு 30 மில்லிகிராம். அதைத் தாண்டினால் முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம்வரை சிறை, அல்லது இரண்டும். காலை நேரச் சோதனையில் ஊதச் சொன்னாலும் இயந்திரம் நேற்றைய கதையைச் சொல்லிவிடும்.

“நான் பீர்தாங்க” என்பவருக்கும் ஒரு கணக்கு. 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மில்லி பாட்டில் ஒன்றில் சுமார் 40 கிராம் ஆல்கஹால். மூன்றில் இரண்டு பங்கு குவாட்டர். இரண்டு பாட்டில் குடித்தவர் ஒரு குவாட்டரைத் தாண்டிப் போயிருக்கிறார்.

சரிவு எங்கே தொடங்குகிறது

*தூக்கம்.* குடித்தால் தூக்கம் சீக்கிரம் வரும். அதனால்தான் அசதிக்கு மருந்து என்று நம்பிக் குடிக்கிறார்கள். பின்னிரவில் அது பழிவாங்கும். இரண்டு மூன்று மணிக்கு முழிப்பு, வியர்வை, படபடப்பு. ஏழு மணி நேரம் படுத்திருந்தும் மூன்று மணி நேரம் தூங்கியது போல எழுவார்கள். மறுநாள் மதியம் எக்ஸெல் ஷீட்டில் ஒரு வரிசை தள்ளிப் போட்ட எண்ணும், லேத்தில் தப்பிய மில்லிமீட்டரும் இந்தத் தூக்கக் கடனின் வட்டி.

*பணம்.* ஒரு நாளைக்கு 200 ரூபாய் என்று குறைத்தே வைப்போம். சைடு டிஷ், தண்ணீர், கிளாஸ், “மச்சி, இன்னிக்கு என்னோடது” எல்லாவற்றையும் விட்டுவிடலாம். மாதம் 6,000, வருடம் 72,000, பத்து வருடத்தில் 7,20,000 ரூபாய். வட்டியே இல்லாமல் இவ்வளவு. ஒரு பிள்ளையின் கல்லூரிப் படிப்பு இதில் அடங்கிவிடும். குடிப்பவர் இந்தக் கணக்கைப் போடுவதில்லை, ஏனென்றால் அவர் மாதத் தொகையாகச் செலவழிப்பதில்லை. தினமும் சில்லறையாகச் செலவழிக்கிறார். 20-ஆம் தேதிக்கு மேல் கைமாற்று, பிறகு சம்பள அட்வான்ஸ், பிறகு நகைக்கடன், அதற்கும் பிறகு செல்போன் செயலிக் கடன். கடன் கொடுத்தவர் அலுவலகத்துக்கே போன் செய்யும் நாளில்தான் விஷயம் மேலதிகாரிக்குத் தெரிகிறது.

*வீடு.* அடி உதை இருந்தால்தான் வீடு கெட்டது என்பதில்லை. அப்பாவின் பைக் சத்தத்தை வைத்தே இன்று எப்படி வருகிறார் என்று பிள்ளைகள் கண்டுபிடிக்கப் பழகிவிட்டால், அந்த வீடு ஏற்கெனவே நோயில் இருக்கிறது. மனைவிக்கு இன்னொரு வேலையும் சேர்ந்துகொள்கிறது: காலையில் சூப்பர்வைசருக்கு போன் போட்டு, “சார், அவருக்கு வயித்துப்போக்கு” என்று சொல்வது. அந்தப் பொய்தான் குடிப்பவரின் வேலையைக் காப்பாற்றுகிறது. அதே பொய்தான் நோயையும் காப்பாற்றுகிறது.

*உடம்பு.* கல்லீரலைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். ரத்தக் கொதிப்பு, கணைய அழற்சி, கால் மதமதப்பு, மறதி, மனச்சோர்வு ஆகியவையும் பட்டியலில் உண்டு. 200-க்கும் மேற்பட்ட நோய்களுக்கும் காயங்களுக்கும் மதுவோடு தொடர்பு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. புற்றுநோய் ஆய்வுக்கான பன்னாட்டு முகமை 1988-லேயே மதுவைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில் வைத்துவிட்டது. புகையிலை இருப்பதும் அதே பிரிவில்தான்.

*வேலை.* கடைசியாக இது. வராமல் போவது பிந்தைய கட்டம். அதற்கு வெகு முன்பே, வந்தும் வராதவராக இருப்பது தொடங்கிவிடும். சம்பளத்துக்கு மறுநாளும் திங்கட்கிழமையும் விடுப்பு. ‘பெர்மிஷன்’ கேட்பது கூடுவது. மதிய உணவுக்குப் பிறகு ஆளைக் காணாமல் போவது. காலை மீட்டிங்கில் மிளகாய்ப்பொடி தூவினாற்போன்ற கண்களும் வாய் நிறைய பாக்கும். சின்னக் கேள்விக்குப் பெரிய கோபம். கையெழுத்துகூட மாறும், கை நடுங்குவதால்.

வேலையில் இழப்பது மெமோவும் இன்கிரிமென்டும் மட்டும் என்று நினைக்க வேண்டாம். வேலையிடத்தில் விபத்து நடந்து, போதையில் இருந்ததே அதற்கு நேரடிக் காரணம் என்று தெரிந்தால், சாவும் நிரந்தர முழு ஊனமும் தவிர்த்த காயங்களுக்கு நிறுவனம் இழப்பீடு தர வேண்டியதில்லை. 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்தில் இருந்த இந்த விலக்கு, 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. பணியிடத்தில் கலாட்டா, கைகலப்பு என்று வேலைநீக்கம் ஆனால், இருபது வருட உழைப்பின் கிராஜுவிட்டியையும் முழுவதுமாகவோ ஒரு பகுதியாகவோ பறிக்கச் சட்டம் இடம் தருகிறது. ஒரு கட்டிங் அவ்வளவு விலை பெறுமா என்பதை அவரவர் முடிவு செய்துகொள்ளலாம்.

சில வேலைகளில் விதிகளின் கயிறு இன்னும் இறுக்கம். விமானிகள் பறப்பதற்கு முந்தைய 12 மணி நேரத்தில் ஒரு துளிகூடக் குடித்திருக்கக் கூடாது. ஊதிக் காட்டும் சோதனையில் முதல் முறை சிக்கினால் உரிமம் மூன்று மாதம் முடக்கம். ரயில் ஓட்டுநர்களும் பணியில் கையெழுத்திடும்போது ஊதிக் காட்ட வேண்டும்.

மாத்திரையும் கஞ்சாவும்

“நாத்தம் வராதே” என்பதற்காகக் குடியை விட்டு மாத்திரைக்கோ கஞ்சாவுக்கோ மாறுபவர்கள் இருக்கிறார்கள். மாத்திரைக்கு வாசனை இல்லாததால் சூப்பர்வைசர் மூக்கில் சிக்காது என்பது உண்மை. சிறுநீர்ச் சோதனையில் சிக்கும். கஞ்சாவைத் தொடர்ந்து புகைப்பவரின் சிறுநீரில் அதன் தடயம் சில வாரங்கள்கூட இருக்கும். கப்பல் வேலைக்கும் பல வெளிநாட்டு வேலைகளுக்கும் மருத்துவப் பரிசோதனையில் போதைச் சோதனை உண்டு. நண்பன் நீட்டியது, கையில் வந்த ஆஃபர் லெட்டரைத் தட்டிப் பறித்துவிடும்.

வலி நிவாரணி மாத்திரைகளைப் போதைக்குப் பயன்படுத்துவது தமிழ்நாட்டில் இளைஞர்களிடையே பரவிவரும் ஆபத்து. டபென்டடால் போன்றவை மருத்துவர் சீட்டின்பேரில் மட்டுமே தரவேண்டியவை. அவற்றைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்பவருக்கு மூச்சு நின்றுபோகலாம். ஊசியைப் பகிர்ந்தால் எச்.ஐ.வி.யும் மஞ்சள் காமாலையும் சேர்ந்து வரலாம். வளைகுடா நாடுகளுக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்கவும்: டிராமடால், கோடீன் சேர்ந்த மருந்துகள் ஐக்கிய அரபு அமீரகத்தில் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. முன் அனுமதியும் மருத்துவர் சீட்டும் இல்லாமல் பெட்டியில் போட்டுக்கொண்டு போனால், விமான நிலையத்திலேயே வேலை முடிந்துவிடலாம்.

போதைப்பொருள் பழக்கத்தில் சிக்கியவர்கள் போலீஸ் பயத்தாலேயே சிகிச்சைக்குப் போகாமல் இருக்கிறார்கள். 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு இவர்களுக்காகவே ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கிய அடிமைநோயாளி தாமாக முன்வந்து அரசு அல்லது அரசு அங்கீகரித்த மையத்தில் சிகிச்சை பெற்றால், வழக்கு நடவடிக்கையிலிருந்து விலக்குப் பெறலாம். பாதியில் ஓடிவந்தால் அந்த விலக்கு திரும்பப் பெறப்படலாம்.

நான்கு கேள்விகள்

நீங்கள் ‘சும்மா குடிப்பவரா’, உதவி தேவைப்படுபவரா? மருத்துவர்கள் பல பத்தாண்டுகளாகக் கேட்டுவரும் நான்கு கேள்விகள் இவை.

1. குடியைக் குறைக்க வேண்டும் என்று எப்போதாவது உங்களுக்கே தோன்றியிருக்கிறதா?
2. உங்கள் குடியைப் பற்றி யாராவது பேசினால் எரிச்சல் வருகிறதா?
3. குடித்ததை நினைத்துக் குற்ற உணர்ச்சி வந்திருக்கிறதா?
4. கை நடுக்கமோ தலைபாரமோ தீர, காலையில் எழுந்ததும் ஒரு கட்டிங் போட்டதுண்டா?

இரண்டுக்கு ‘ஆம்’ என்றால் மருத்துவரைப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது. நான்காவது கேள்விக்கு ‘ஆம்’ என்றால், மற்ற மூன்றும் ‘இல்லை’ ஆனாலும் தள்ளிப்போட வேண்டாம்.

“அதெல்லாம் இல்லைங்க. மாலை போட்டா 48 நாள் தொடவே மாட்டேன். நினைச்சா நிறுத்திடுவேன்” என்று சொல்வீர்கள். நல்லது. மாலையைக் கழற்றிய பிறகு வந்த 48 நாள் எப்படிப் போனது? கேள்வி அதுதான். நிறுத்துவது பலருக்கும் முடிகிறது. நிறுத்திய இடத்தில் நிற்பதில்தான் நோய் தன் கையைக் காட்டுகிறது. மலையிலிருந்து திரும்பும் வழியிலேயே வேனை ஓரங்கட்டச் சொன்னவர், மாலை போட்ட நாட்களில் குடியை விட்டிருக்கவில்லை. கழற்றும் நாளை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்.

எப்படி நிறுத்துவது

முதல் எச்சரிக்கை: தினமும் நிறையக் குடிப்பவர், வீம்புக்கு ஒரே நாளில் வீட்டிலேயே நிறுத்தக் கூடாது. கடைசியாகக் குடித்த 6 மணி நேரத்துக்குப் பிறகு நடுக்கம், வியர்வை, வாந்தி தொடங்கலாம். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாட்களில் சிலருக்கு ஆளைத் தெரியாத குழப்பம், இல்லாதவை கண்ணுக்குத் தெரிவது என்று முற்றி, உயிருக்கே ஆபத்தாகும். பேய் பிடித்துவிட்டது என்று இந்த நேரத்தில் மந்திரிக்கக் கூட்டிப் போவார்கள். போக வேண்டிய இடம் மருத்துவமனை. அங்கே மருந்தின் துணையோடு சுமார் ஒரு வாரத்தில் இந்தக் கட்டத்தைக் கடக்கவைத்துவிடுவார்கள்.

இரண்டாவது எச்சரிக்கை வீட்டாருக்கு. “தெரியாம சாப்பாட்டுல கலந்து கொடுங்க, குடியை மறந்துடுவாரு” என்று விற்கும் மாத்திரையையோ பொடியையோ வாங்காதீர்கள். டைசல்ஃபிரம் என்ற மருந்து உண்மையிலேயே இருக்கிறது. அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் சரியும். நோயாளிக்குத் தெரிந்து, அவர் சம்மதத்தோடு, மருத்துவர் கண்காணிப்பில் தரவேண்டிய மருந்து அது. தெரியாமல் கொடுத்துவிட்டு, அவர் அன்று இரவு ஆஃப் அடித்தால், குடி நிற்காது, மூச்சு நிற்கலாம்.

எங்கே போவது? தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளிலும், கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்திலும் இலவச சிகிச்சை உண்டு. ‘கலங்கரை’ என்ற பெயரில் போதை மீட்பு மறுவாழ்வு மையங்களை அரசு 2025-இல் 25 இடங்களில் தொடங்கியது. சென்னை அடையாறில் டி.டி.கே. மருத்துவமனை 1980-லிருந்து இதற்கென்றே இயங்குகிறது. குடிநோயால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் தொடங்கிய அமைப்பு அது. 1992-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. எங்கே போவது என்றே தெரியாவிட்டால் 14446 என்ற தேசியப் போதை மீட்பு உதவி எண்ணும், 14416 என்ற மனநல உதவி எண்ணும் இருக்கின்றன. இரண்டும் கட்டணமில்லாதவை.

தனியார் மையம் என்றால் மூன்று விஷயம் பாருங்கள்: மாநில மனநல ஆணையத்தின் பதிவு இருக்கிறதா, மனநல மருத்துவர் வந்து பார்க்கிறாரா, குடும்பத்தினர் நோயாளியைச் சந்தித்துப் பேச விடுகிறார்களா. “மூணு மாசம் யாரும் வரக்கூடாது, நாங்க பார்த்துக்கிறோம்” என்று சொல்லும் இடத்தின் படியேறாமல் திரும்பிவிடுங்கள்.

அலுவலகத்தில் என்ன சொல்வது

சிகிச்சைக்குப் போகத் தயங்குவதற்கு முதல் காரணம் இதுதான். “லீவு எதுக்குன்னு கேட்டா என்ன சொல்றது? தெரிஞ்சா மானம் போயிடுமே.” ஊர் முழுக்கத் தெரிந்த விஷயத்துக்கு இந்தக் கவலை என்று பக்கத்தில் இருப்பவர்கள் சிரிக்கலாம். கவலைப்படுபவருக்கு அது சிரிப்பில்லை.

எல்லாரிடமும் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதில்லை. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மது, போதைப்பொருளால் வரும் மனநிலைக் கோளாறுகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் கொண்டுவருகிறது. உங்கள் சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைக்க வேண்டிய கடமை மருத்துவமனைக்கு உண்டு. நிறுவனம் போன் செய்து கேட்டது என்பதற்காக அவர்கள் எடுத்துச் சொல்லிவிட முடியாது.

உங்களுக்கு நடைமுறையில் இரண்டு வழி. குடி இன்னும் வேலையில் தெரியவில்லை என்றால், “உடல்நலச் சிகிச்சைக்காக மருத்துவமனையில் சேர வேண்டியிருக்கிறது, இத்தனை நாள் விடுப்பு வேண்டும்” என்று முறையாக எழுதிக் கொடுத்தால் போதும். ஏற்கெனவே மெமோ வாங்கியாயிற்று என்றால் மறைப்பதில் லாபம் இல்லை. ஒரே ஒருவரிடம், அதாவது உங்கள் மேலதிகாரியிடமோ ஹெச்.ஆரிடமோ, குடிக்காத ஒரு காலை நேரத்தில் போய் நேராகச் சொல்லுங்கள்: “சார், எனக்குக் குடிப்பிரச்சினை இருக்கு. வேலையிலயும் அது தெரியுதுன்னு எனக்குத் தெரியும். இந்த மருத்துவமனைல சேரப் பேசிட்டேன். இத்தனை நாள் லீவு வேணும். வந்ததும் சர்டிஃபிகேட் தரேன்.” ஐந்து வாக்கியம். சத்தியமும் கண்ணீரும் தேவையில்லை. குழந்தை தலையில் அடித்த சத்தியங்களை அவர் நிறையக் கேட்டிருப்பார். மருத்துவமனைத் தேதியோடு வந்த ஆளை அநேகமாகப் பார்த்திருக்க மாட்டார்.

விசாரணைக் கடிதம் வந்தபின் சொல்வதைவிட வருவதற்கு முன் சொல்வது பலமடங்கு மேல். முதலாவதில் நீங்கள் சாக்குச் சொல்பவர். இரண்டாவதில் சிகிச்சை கேட்பவர்.

பணப்பக்கத்தில் ஒரு குறிப்பு: பல மருத்துவக் காப்பீட்டுப் பாலிசிகளில் மது, போதை அடிமைத்தனத்துக்கான சிகிச்சை விலக்குப் பட்டியலில் இருக்கும். கம்பெனி குரூப் பாலிசியிலாவது அதற்கு இடம் இருக்கிறதா என்று சேருவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் அரசு மருத்துவமனை இருக்கவே இருக்கிறது.

பக்கத்து இருக்கைக்காரருக்கு

நல்ல நண்பர் செய்யும் கெட்ட உதவிகள் சில உண்டு. அவருடைய வேலையை இவர் முடித்துக் கொடுப்பது. “இப்பதான் டீ குடிக்கப் போனாரு சார்” என்பது. மாதக் கடைசியில் 500 ரூபாய் கைமாற்று. இவை ஒவ்வொன்றும் அவருடைய சிகிச்சையை ஒரு மாதம் தள்ளிப்போடுகிறது. வேலை மட்டும் ஒழுங்காக நடக்கிறது என்ற தோற்றத்தை அவருக்குத் தயாரித்துக் கொடுப்பது பல நேரங்களில் நீங்கள்தான்.

மாற்றாக, அவர் தெளிவாக இருக்கும் நேரத்தில், தனியாக, கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். “அண்ணே, நீங்க குடிகாரர் ஆயிட்டீங்க” என்றால் சண்டை வரும். “அண்ணே, போன வாரம் ரெண்டு தடவை மெஷின் முன்னாடி கண்ணு சொருகிப்போச்சு. எனக்குப் பயமா இருக்கு. ஆஸ்பத்திரிக்கு நான் கூட வரேன்” என்றால், கோபித்துக்கொண்டாலும் இரவு யோசிப்பார். இயந்திரம், கிரேன், வண்டி, மின்சாரம் சம்பந்தப்பட்ட வேலை என்றால் நட்பைப் பார்க்காமல் மேலே சொல்லிவிட வேண்டும். கிரேனின் அடியில் நிற்பது இன்னொருவராகவும் இருக்கலாம்.

மேலதிகாரிக்கு

உங்கள் வேலை நோயைக் கண்டுபிடிப்பதில்லை, வேலையைப் பார்ப்பது. “நீ குடிக்கிறாய்” என்று தொடங்கினால் மறுப்பார், பேச்சு அங்கேயே முடிந்தது. “மூன்று மாதத்தில் ஐந்து திங்கட்கிழமை வரவில்லை, இரண்டு லாட் ரிஜெக்ட், ஒரு வாக்குவாதம்” என்று தேதியோடு எழுதிவைத்துக்கொண்டு பேசுங்கள். காகிதத்தோடு வாதாட முடியாது. பிறகு இரண்டு கதவையும் காட்டுங்கள்: சிகிச்சைக்குப் போனால் வேலை காத்திருக்கும், இப்படியே தொடர்ந்தால் விதிப்படி நடவடிக்கை. இரண்டில் ஒன்றை மட்டும் சொன்னால் பயனில்லை. வெறும் மிரட்டல் ஆளை ஒளியவைக்கும், வெறும் இரக்கம் அவரைக் குடிக்கவைக்கும்.

போதையில் வந்தவரோடு அப்போதே பேசாதீர்கள். இயந்திரத்திலிருந்து விலக்குங்கள், இன்னொருவர் முன்னிலையில் பதிவு செய்யுங்கள், ஆளைத் துணையோடு வீட்டுக்கு அனுப்புங்கள். “கிளம்பு” என்று சொல்லி அவர் கையிலேயே பைக் சாவியைக் கொடுத்து அனுப்புவது பெரிய குற்றம்.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1996-இல் வெளியிட்ட நடத்தை நெறி, பணியிடத்தில் மது, போதைப் பிரச்சினையை மற்ற எந்த உடல்நலப் பிரச்சினையையும் போலவே நடத்தச் சொல்கிறது. அப்படியே நிறுவனத்தின் பழக்கத்தையும் ஒருமுறை பாருங்கள். டார்கெட் முடித்தால் பார்ட்டி, டீம் அவுட்டிங்கில் முதல் செலவு சரக்கு, குடிக்காதவன் ‘செட் ஆகாதவன்’ என்று நடத்தினால், நோயை வளர்த்துவிட்டு நோயாளிக்கு மெமோ கொடுப்பதாக ஆகும்.

திரும்பி வந்த பிறகு

மருத்துவமனையிலிருந்து வந்த நாளில் சிகிச்சை முடிவதில்லை. முதல் மூன்று மாதம்தான் வழுக்கும் படிக்கட்டு. சில நடைமுறை ஏற்பாடுகள்:

- முடிந்தவரை பகல் ஷிஃப்ட் கேளுங்கள். ஓவர்டைம் பணம் கொஞ்ச நாள் வேண்டாம்.
- சம்பளம் வந்த அன்றே வாடகையும் கடன் தவணையும் தானாகக் கழியும்படி வங்கியில் ஏற்பாடு செய்துவிட்டு, மீதியில் பெரும்பகுதியை மனைவி கணக்குக்கு மாற்றிவிடுங்கள். சம்பள நாள்தான் மிக அபாயமான நாள்.
- வீட்டுக்குப் போகும் வழியை மாற்றுங்கள். கடை இல்லாத தெரு இரண்டு கிலோமீட்டர் சுற்று என்றாலும் பரவாயில்லை.
- “ஏன்டா குடிக்கல?” என்பதற்கு ஒரு பதிலைத் தயாராக வைத்திருங்கள். “டாக்டர் கூடாதுன்னுட்டாரு” போதும். விளக்கம் கொடுக்கத் தொடங்கினால் கட்டாயப்படுத்துவார்கள்.
- மருத்துவர் தந்த மருந்தையும் அடுத்த சந்திப்பையும் தவறவிடாதீர்கள். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் தமிழிலும் நடக்கின்றன. கட்டணம் இல்லை, முழுப் பெயர் சொல்ல வேண்டியதில்லை. குடும்பத்தினருக்கு அல்-அனான் கூட்டங்கள் தனியே உண்டு.
- ஒருநாள் வழுக்கிவிட்டால் “எல்லாம் போச்சு” என்று முழு பாட்டிலுக்குப் போகாமல், மறுநாளே மருத்துவரிடம் போங்கள். சர்க்கரை கூடினால் மருத்துவரைப் பார்க்கிறோம் அல்லவா, அதுபோல.

2019-இல் மத்திய அரசு வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வின்படி, இந்தியாவில் மது அருந்துபவர்கள் சுமார் 16 கோடி. அவர்களில் 5.7 கோடிப் பேருக்கு ஏதோ ஒரு வகையில் உதவி தேவை. மதுவைச் சார்ந்தே வாழும் நிலைக்கு வந்துவிட்டவர்களிலோ, 38 பேரில் ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றதாகச் சொல்கிறார். மீதி 37 பேரிலும் பலர் இன்று காலை வேலைக்குக் கிளம்பியிருப்பார்கள். கேட்டால் ஒழுங்காகத்தான் போகிறேன் என்பார்கள்.

அவர்களில் நீங்களும் ஒருவர் என்றால், உங்கள் வருகைப் பதிவேட்டை நான் சந்தேகிக்கவில்லை. குடிக்காக ஒருநாள்கூட மட்டம் போட்டதில்லை என்கிறீர்கள். சரி, இப்போது போடுங்கள். பத்து நாள், மருத்துவச் சான்றிதழோடு.